கோணவாய் இழைப்புளி

ஞாயிற்றுக்கிழமைதோறும் லோகநாதன் பழைய சாமான்காரி சின்னம்மாவின் தார்ப்பாய்க்கு முன்னால் போய் உட்காருவார். ஆரணிச் சந்தை ஓரம் அவள் கடை. தேய்ந்த உளி, பல் போன ரம்பம், பிடி கழன்ற சுத்தி, வாய் உடைந்த இழைப்புளி என்று சுற்றுவட்டாரத்துப் பழைய சாமான்கள் எல்லாம் எடைக்கு வந்து சேரும் இடம்.

"வந்துட்டாரு ஆசாரி. என் கடையில ஒரு தகட்ட வுட மாட்டாரு" என்பாள்.

உண்மைதான். இழைப்புளி கிடைத்தால் தகட்டை இறுக்கியிருக்கும் ஆப்பைத் தட்டி உருவுவார். தகட்டை எடுத்துக்கொண்டு கட்டையை அங்கேயே போட்டுவிடுவார். அந்தக் காலத்து இரும்பில் கூர் நிற்கும் என்று காரணம் சொல்வார். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையத் தகடுகள் சேர்ந்துவிட்டன. ஒரு தச்சன் ஆயுசு முழுக்க இழைத்தாலும் அத்தனை தேவைப்படாது.

அவர் தேடியது தகட்டை அல்ல. மகன் ராஜேஷின் இழைப்புளி அங்கே வந்து கிடக்கிறதா என்று பார்க்கத்தான் போனார். கிடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்ப்பார். இழைப்புளியை விற்றுவிட்டான் என்றால் கையில் வேலை இல்லை, அடுப்பில் உலை இல்லை என்று அர்த்தம். கிடக்காத வாரங்களில் நிம்மதியாக எழுந்து வருவார். பாதி வழியில் அந்த நிம்மதி வடிந்துவிடும். மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதுகூடத் தெரியாமல் ஐந்து வருடம் ஓடிவிட்டது.

அகல்யாவைக் கட்டிக்கொண்டு ராஜேஷ் வாசலில் வந்து நின்ற அன்று, அவள் என்ன சாதி என்று லோகநாதன் கேட்டார். பதில் வந்ததும், "இந்தப் பட்டறையில ஒரு ஆணிகூட உன்னுது இல்ல" என்றார். ஒன்று மட்டும் அவனுடையது. பதினாறு வயதில் கருவேலங்கட்டையில் அவனே செய்த இழைப்புளி. அதன் வாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். "கோணவாயா இருக்குதேடா. இதுல மரம் இழைக்கப் போறியா, தேங்கா துருவப் போறியா?" என்று அப்போது சிரித்திருந்தார். அதை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

ஆயுத பூஜை முடிந்து சில நாள். தார்ப்பாயில், உளிகளுக்கு அடியில், அது கிடந்தது. சாய்ந்த வாயைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நெற்றியிலிருந்து வாய் வரை நீளமாகப் பிளந்திருந்தது.



"இது எங்க இருந்து வந்துச்சு?"

"இங்க பக்கத்துல, நம்ம சேத்துப்பட்டு லோடு. ஊட்டுக்காரரு தெருத்தெருவா போயி எடுத்தாந்தது. எந்த ஊடுன்னு அவருக்கே தெரியாது. இன்னா ஆசாரி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல."

பழக்கத்தில் கை ஆப்பைத் தட்டியது. தகடு கழன்று வந்தது. தீட்டித் தீட்டிக் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. இனிமேல் தீட்ட இரும்பு இல்லை. பிளவுக்குள் மரம் கறுக்கவில்லை, தூசியும் இறங்கவில்லை. வேலை நடக்கும்போது, இப்போதுதான் பிளந்திருக்கிறது. போட்டவன் பசித்துப் போடவில்லை. தேயும் மட்டும் தேய்த்துவிட்டுப் போட்டிருக்கிறான்.

அவருக்கு மூச்சு வந்தது.

கட்டையின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். இந்த வருடத்துப் பொட்டு. பெரியவர்கள் விரல் வைத்தது. அதைச் சுற்றித் தாறுமாறாகச் சின்னச் சின்னப் பொட்டுகள். தகடு இருந்த குழியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். மரச்சுருள் வெளியேறும் இடுக்கின் அடியில் இன்னொரு பொட்டு. அவர் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பாதியிலேயே மாட்டிக்கொண்டது.

தகட்டைத் தார்ப்பாயில் வைத்தார். கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னா ஆசாரி, தகட்ட வுட்டுட்டு கட்டைய எடுத்துகினு போறீங்க? வெந்நி அடுப்புக்கா? முன்னாடியே சொல்லியிருந்தா மூட்டையா தந்திருப்பனே!"

அவர் மடியைத் துழாவினார்.

"போங்க, போங்க. வெறகுக்குக் காசு வாங்குவனா?"

வீட்டில் அவர் மனைவி சாவித்திரி, தறிக்காரர் வீட்டுப் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டையை அவள் பக்கத்தில் வைத்தார். ராட்டை நின்றது.

"கோணவாய்" என்றாள். பிறகு, "எங்க கீறானாம்?"

"சேத்துப்பட்டுப் பக்கம்."

"நல்லாக் கீறானா?"

"அஞ்சு வருஷமும் இதுலயே இழைச்சிருக்கான்."

குழியைக் காட்டினார். அவளும் சுண்டுவிரலை விட்டாள். அவளுக்கும் எட்டவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"பொண்ணா, பையனா?"

லோகநாதன் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவும் அதில் எங்காவது இருக்கும் என்பதுபோல.

"சேத்துப்பட்டுல எத்தினி ஆசாரிங்க இருக்கப் போறாங்க? கேட்டா சொல்ல மாட்டாங்களா?" என்றாள் சாவித்திரி.

"எந்த மூஞ்சிய வச்சிகினு போறது?"

"இந்த மூஞ்சியத்தான். வேற எது கீது உங்ககிட்ட?"

அவர் கட்டையோடு பட்டறைக்குப் போனார். பிளவுக்குள் பசை விட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பொட்டுகள் மேல் கயிறு படாமல் பார்த்துக்கொண்டார். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, இருந்ததிலேயே கனமான தகட்டைத் தேர்ந்தெடுத்தார். குழியில் இறக்கிப் பார்த்தார். நேர்முனைத் தகடு. சாய்ந்த வாயில் ஒரு மூலை துருத்திக்கொண்டு நின்றது. தகட்டின் முனை மட்டப்பலகை வைத்தது போல இருக்க வேண்டும் என்று மகனைத் திட்டித் திட்டிப் பழக்கியவர் அவர்.

கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட உட்கார்ந்தார். எதிர்வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. சாவித்திரி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலையில மொத பஸ்ஸுக்குப் போலாமா?"

"பசை காயணும்."

"விடியறதுக்குள்ள காஞ்சிடும்."

அவர் தகட்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். வாயின் சாய்வுக்கு இன்னும் கொஞ்சம் போதவில்லை. மறுபடியும் கல்லில் வைத்து, கோணலாகவே தீட்டினார்.