பதினோரு ஆப்பிள் மரங்களும் ஐவர் குழுவும்

2003ஆம் ஆண்டு அக்னி நட்சத்திரத்தின் நான்காம் நாள், வெயில் நாற்பத்து மூன்று டிகிரி அடித்த மதியத்தில், விருத்தாசலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே வீராயியின் முந்திரிக் கொல்லையில் பதினோரு ஆப்பிள் மரங்கள் பழுத்துக் கிடந்தன. அன்று தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்கு விற்றது. ஊர்க்காரர்கள் பழத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுதான். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த ஊரில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்குவது. வாயில் வைக்க வேண்டுமென்றால் சாகக் கிடக்க வேண்டும், இல்லையென்றால் சாகக் கிடப்பவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்.

மரங்கள் வந்ததும் அந்த வழியில்தான். 1998இல் வீராயியின் புருஷன் அரசு மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்தபோது சொந்தக்காரர்கள் முறைப்படி நான்கு ஆப்பிள் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்கள். அவர் அதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்ததும் வீராயி பழங்களைக் கொல்லையில் விட்டெறிந்தாள். நடுக்கொல்லை இலுப்பை மரத்தில் பகலெல்லாம் தொங்கிக்கொண்டிருந்த முந்நூறு பழந்தின்னி வௌவால்கள் அதைத் தின்று விதையைத் துப்பின. ஐந்தே வருடத்தில் மரமாகிக் காய்த்தது. வெயில் ஏற ஏற வௌவால்கள் இறக்கையை விரித்து விசிறிக்கொள்ளும். முந்நூறு சோடி இறக்கையின் காற்று கீழே இறங்கியதில், உச்சி மதியத்திலும் அந்தக் கொல்லையில் பனி கொட்டியது. வேலிக்கு வெளியே நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டன. வேலிக்கு உள்ளே ஆடுகள் நடுங்கின.

வீராயி, மாணிக்கவேல் முதலாளியின் பீங்கான் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் சூளை வாயில் நிற்பவள். பொம்மையும் அகலும் ஃபியூஸ் கேரியரும் அவள் முகத்துக்கு நேரேதான் வெந்தன. அவள் உடம்பில் ஏறிய சூடு இரவிலும் இறங்காது. அவள் படுத்த பாய் கருகும், வருடத்துக்கு இரண்டு பாய் மாற்ற வேண்டும். அந்த வருடம்தான் காலை வேலை முடிந்து கொல்லைக்கு வந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் தூங்கினாள். பாய் கருகவில்லை. நாலு பழத்தில் ஒன்றை வௌவால்கள் கடித்தன. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மத்தியானம் பூரா விசிறறவங்களுக்குக் கூலி வேணாமா?" என்றாள்.

அவள் மகள் செல்வநாயகி, அந்த வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள், பி.எஸ்சி. தாவரவியல். கல்லூரிச் சோதனைக்கூடத்து வெப்பமானியைக் கேட்டு வாங்கிவந்து அளந்தாள். இலுப்பைக்குக் கீழே பதினான்கு டிகிரி, வேலிக்கு வெளியே நாற்பத்து மூன்று. இருபத்தேழு நாள் அளந்து கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்தாள். அந்த நோட்டை இன்றுவரை யாரும் படிக்கவில்லை.

2005இல் மாணிக்கவேல் மரங்களைக் குத்தகைக்கு எடுத்தார். தன்னிடம் சூளை வாயில் நிற்பவளின் கொல்லை என்பதால் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. வந்து பார்த்தவர் கடித்த பழத்தைக் காலால் தள்ளினார்.

"எச்சி ஆப்பிள எவன் வாங்குவான்?"

"தேனு மட்டும் என்னவாம்? ஈ வாயிலேர்ந்து வந்தத கொடம் கொடமா சாமி தலையில ஊத்துறீங்களே," என்றாள் செல்வநாயகி.

"வீராயி, ஒம் பொண்ணுக்கு வாயி நீளம். படிக்க வெச்சது தப்பாப் போச்சி."

பழந்தின்னி வௌவால்களால் ஆப்பிள் தோட்டத்துக்கு நன்மையா தீமையா என்று கண்டறிய அவர் ஐவர் குழு ஒன்றை அமைத்தார். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் தேசிகன் தலைவர். செல்வநாயகிக்குப் பாடம் எடுத்தவர், அவள் பெயரை மூன்று வருடமும் வேறொரு பெயராகவே கூப்பிட்டவர். சித்திரை வெயிலில் குழு கொல்லைக்குள் நுழைந்தது. ஐந்து நிமிடத்தில் ஐவரும் தும்மினார்கள், பத்து நிமிடத்தில் டிரைவரை அனுப்பிக் குரங்குக் குல்லாய் வரவழைத்தார்கள். குல்லாயை மாட்டிக்கொண்டு, வௌவால்கள் எத்தனை பழத்தைக் கடித்திருக்கின்றன என்று விரல் விறைக்க விறைக்க எண்ணினார்கள். செல்வநாயகி வெப்பமானியைக் காட்டினாள். தேசிகன் அதை இரண்டு உதறு உதறினார்.

"இது ரிப்பேர்ம்மா," என்றார். பல் தந்தியடித்தது.

அறிக்கை நாற்பது பக்கம். விருத்தாசலத்தின் தட்பவெப்பத்தில் ஆப்பிள் விளைவதற்கு வழியே இல்லை என்று முதல் பத்தி சொன்னது. அங்கே விளையும் ஆப்பிளில் கால்வாசியை வௌவால்கள் தின்றுவிடுகின்றன என்று இரண்டாம் பத்தி சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஐந்து கையெழுத்து இருந்ததால் முரண்பாடு யார் கண்ணிலும் படவில்லை.

வௌவாலை ஏமாற்ற முதலில் ஒரு யோசனை செய்தார்கள். பீங்கான் ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் அந்த யோசனை வராது. இருநூறு பீங்கான் ஆப்பிள் வார்த்து, சிவப்பு மெருகு ஏற்றி, காம்பில் கம்பி கட்டிக் கிளைகளில் தொங்கவிட்டார்கள். வௌவால்கள் மோந்துகூடப் பார்க்கவில்லை. மேற்பார்வைக்கு வந்த தேசிகன்தான் ஒன்றை ஆசையாகக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். அந்தப் பல்லும் வௌவால் கணக்கில் சேர்ந்தது.

2006 பங்குனியில் மாணிக்கவேல் வீராயியைக் கூப்பிட்டு, கொல்லையில் வேட்டு வைக்க விடாவிட்டால் மறுநாளிலிருந்து சூளைப் பக்கம் வர வேண்டாம் என்றார்.

"வேல போனா போவுது, வுடாதம்மா," என்றாள் மகள். "அதுங்க போனா மரம் நிக்காது. ஒனக்குத் தூக்கமும் நிக்காது."

"சோத்துக்கு? ஒம் பட்டத்த வேவ வெச்சித் திங்கறதா?"

வேலை கேட்டுச் செல்வநாயகி போட்ட விண்ணப்பங்கள் அப்போது நாற்பத்தொன்று.

ஒரு பகல் முழுக்க வேட்டுப் போட்டார்கள். தீபாவளிக்குக்கூட வௌவாலை நினைத்துப் பட்டாசு வெடிக்காத தெரு அது. அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். வௌவால்கள் எழும்பி வடக்கே போயின. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஆப்பிள்கள் கிளையிலேயே வெந்தன. வெந்த வாசனை ஜங்ஷன்வரை போய், நின்ற ரயிலில் இருந்தவர்களுக்குப் பசியெடுத்தது. ஒன்பது மரம் கருகியது. மீதி இரண்டைச் செல்வநாயகி ஈரச்சாக்கு சுற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பிடித்துவைத்திருந்தாள். வீராயியின் பாய் மறுபடி கருகத் தொடங்கியது. வைகாசியில் அவள் முதுகில் கொப்புளம் கிளம்பியது. உட்கார்ந்த இடத்தில் சாணித்தரை வெடித்தது. சூடு தலைக்கு ஏறினால் பிழைக்க மாட்டாள் என்று கம்பவுண்டர் சொன்னார். சொந்தக்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். செல்வநாயகி அந்தப் பையை வாசலோடு திருப்பிக் கொடுத்தாள்.

வடக்கே போன வௌவால்கள் நிழலாகவும் உயரமாகவும் ஓர் இடம் தேடி அலைந்து, வீராயி படுத்த பிறகு வைகாசிக் கடைசியில் மாணிக்கவேல் சூளைக் கொட்டகையின் உத்தரத்தில் தொங்கின. சூளைச் சூட்டுக்கு இன்னும் வேகமாக விசிறின. நெருப்பு எரிந்தது, ஆனால் சுடவில்லை. உள்ளே போன பொம்மைகள் பச்சை மண்ணாகவே வெளியே வந்தன. எண்ணெய் ஊற்றிய அகல் கரைந்து கையோடு வந்தது. மாணிக்கவேல் தன் கொட்டகைக்குள்ளேயே வேட்டுப் போட்டார். நாலாயிரம் பொம்மை உடைந்தது. வௌவால்கள் ஒரு உத்தரத்திலிருந்து அடுத்த உத்தரத்துக்கு மாறின. ஐவர் குழு மறுபடி கூடியது. வௌவால்களால் பீங்கான் தொழிலுக்குப் பெருந்தீங்கு என்றும், அவற்றை ஏதாவதொரு ஆப்பிள் தோட்டத்துக்கு இடம் மாற்றலாம் என்றும் பரிந்துரைத்தது.

ஆனி மாதம் ஒரு காலையில் சால்வையும் குல்லாயுமாக மாணிக்கவேல் வீராயி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வீராயி, ஒன் வவ்வால கூட்டிக்கிட்டுப் போயிடு."

செல்வநாயகி குறுக்கே வந்தாள். "மொதல்ல ஒங்க பீங்கான் ஆப்பிள ஒங்க கையாலயே அவுத்துட்டுப் போங்க. குத்தகச் சீட்ட கிழிங்க. இனிமே எங்கம்மா சூள வாயில நிக்காது, நெழல்ல ஒக்காந்து பொம்மைக்கு மெருகு பூசும். அப்பறம் அதுங்களால நன்மையா தீமையான்னு நாலு பேரு முன்னால ஒங்க வாயால சொல்லுங்க."

"தீமன்னுதான அறிக்கையில…"

"அப்ப குளுருல கெடங்க. போயிட்டு வாங்க."

இருநூறு பீங்கான் ஆப்பிளையும் அவிழ்க்க அவருக்கு இரண்டு பகல் ஆனது. நன்மை என்ற சொல்லை நல்லமுத்து டீக்கடை முன்னால், வாய்க்குள்ளேயே சொன்னார். கேட்கவில்லை என்று செல்வநாயகி மூன்று முறை சொல்லவைத்தாள். பிறகு வீராயி கொட்டகைக்குள் போய் அண்ணாந்து பார்த்து, "வாங்க, வூட்டுக்குப் போவலாம்," என்று சாப்பிடக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். பட்டப்பகலில் அவள் முன்னே நடக்க, முந்நூறு வௌவால்கள் அவள் தலைக்கு மேலே பின்தொடர்ந்தன. தெருவில் வீடு வீடாக ஜன்னல்கள் சாத்தப்பட்டன. கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட் போட்டிருந்தது. வீராயி நின்றாள், அவையும் பக்கத்து வேப்பமரத்தில் தொங்கி வண்டி போகும்வரை காத்திருந்தன. அன்று மதியம் அவள் இலுப்பைக்குக் கீழே படுத்தவள் மறுநாள் மதியம்தான் எழுந்தாள். கொப்புளம் அடங்கியிருந்தது.

மீதி இரண்டு மரமும் அடுத்த வருடம் காய்த்தன. வௌவால் துப்பிய விதையில் மேலும் ஆறு கன்று வந்தது. நாலில் ஒன்று என்ற கூலியில் மாற்றமில்லை. ஊர் நூலகத்தில் குழுவின் இரண்டு அறிக்கையும் இருக்கின்றன, தீங்கு என்றுதான் சொல்கின்றன.

2008இல், மின்வெட்டு நேரம் தவறாமல் வந்துபோன கோடையில், தேசிகன் வயிற்றுக் கோளாறோடு அரசு மருத்துவமனையில் கிடந்தார். செல்வநாயகி முறைப்படி ஓர் ஆப்பிளோடு பார்க்கப் போனாள், வேண்டுமென்றே கடித்த பழமாகத் தேர்ந்தெடுத்து. அவள் கூடவே வந்த வௌவால் ஒன்று ஓடாத மின்விசிறியில் தொங்கி விசிறத் தொடங்கியது. நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு ஊசி போடப் போய்விட்டார். தேசிகன் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பல் படாத பக்கமாக வைத்துக் கடித்தார்.

"குளுகுளுன்னு இருக்கும்மா, எந்தக் கடையில வாங்கின?" என்றார், அவளை வேறொரு பெயர் சொல்லி.

பக்கத்துக் கட்டில்காரர் சட்டையை விசிறிக்கொண்டே திரும்பினார்.

"பாப்பா, அத கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வுடு."

செல்வநாயகி நாற்காலியில் ஏறித் திருப்பிவிட்டாள்.