கடைசியாய் வந்த கழகத்தின் மனேச்சர்

பாறூக்கின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கூட்டம். அங்கிருந்த ஒரே சாய்மனைக் கதிரையில் கழகத் தலைவர் அப்புத்துரைச் சம்மாட்டியார். முல்லைத்தீவுக் கரையில் வலையும் தோணியும் உள்ளவர்; கழகத்து ஆட்டக்காரரில் பாதிப்பேர் அவருடைய கரைவலை இழுப்பவர்கள். பொருளாளர் பாறூக், கடைக்கு ஆள் வந்தால் தெரியவேண்டுமென்று வாசலோரம் சீனி மூட்டைமேல். மேசைக்கு முன்னால் செயலாளர் கனகலிங்கம், மைக்கூட்டையும் கடதாசியையும் நேராக வைத்துக்கொண்டு. அணித்தலைவன் நடராசா உட்காரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றான். சுவரோரத்து வாங்கில் தனியாக மனேச்சர் தவராசா மாஸ்டர். அந்த வாங்கில் இன்னும் மூன்று பேருக்கு இடமிருந்தது. ஒருவரும் பக்கத்தில் வந்து இருக்காததிலேயே மாஸ்டருக்கு விசயம் விளங்கிவிட்டது.

1962ஆம் ஆண்டு அது. கழகம் முதன்முறையாக வவுனியாவில் உதைபந்தாட்ட லீக் ஆட்டங்களுக்குச் சேர்ந்திருந்தது. லீக் அனுபவமுள்ள மனேச்சர் வேண்டுமென்று தேடி, யாழ்ப்பாணத்திலிருந்து பக்கத்துத் தண்ணீரூற்றுக்குப் படிப்பிக்க வந்திருந்த தவராசா மாஸ்டரைப் பிடித்தார்கள். ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. போதாக்குறைக்கு, யாழ்ப்பாணம் போய்வந்த சம்மாட்டியார் ஒரு செய்தியும் கொண்டுவந்திருந்தார்.

"மாஸ்டர், லீக்கில மனேச்சரா இருந்தனீங்களோ எண்டு கேட்டுத்தானே எடுத்தனாங்கள்?"

"ஓம். இருந்தனான்."

"உங்கட கழகம் கடைசியா வந்ததெண்டு சொல்லேல்லையே."

"அதை நீங்கள் கேக்கேல்லை, சம்மாட்டியார்."

பாறூக் வாயைப் பொத்திச் சிரித்தார். "அதுவும் அனுபவந்தானே. பழுதான வெங்காயத்தையும் நான் வெங்காயமெண்டுதான் நிறுக்கிறன்."

"நீர் சும்மா இரும், பாறூக்." சம்மாட்டியார் கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "வாற ஆட்டத்தைப் பாப்பம். தோத்தால் மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதிவிடும்."

யாழ்ப்பாணத்துக் கழகம் அனுப்பிய கடிதம் தவராசாவுக்கு மனப்பாடம். இரண்டே வரி. 'இனி வரத் தேவையில்லை' என்றிருந்தது. நன்றி என்ற சொல் எங்கும் இல்லை. அதன்பிறகு பந்துச் சத்தம் கேட்கும் ஒழுங்கையால் போவதையே விட்டிருந்தார். இந்தக் கழகத்தார் வந்து கேட்டபோது இரவெல்லாம் நித்திரை வராத சந்தோசம் அவருக்கு. அப்படி இன்னொரு கடிதத்தைத் தாங்க அவரால் முடியாது.

சனிக்கிழமை விடிய, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெடியள் கரைவலை இழுக்கிற கரைக்குப் போனார். பெடியளுடைய கோளாறு அவருக்குத் தெரியும். பந்து ஒரு மூலைக்குப் போனால் கோல்காரனைத் தவிர அத்தனை பேரும் அந்த மூலைக்குத்தான் ஓடுவார்கள். சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தார், தொண்டை வறளக் கத்திப் பார்த்தார். கேட்கிறபோது தலையாட்டுவார்கள். பந்து வந்ததும் பழையபடிதான்.

வலையின் இரண்டு கயிறுகளில் ஒன்றை நடராசாவுக்குப் பின்னால் நின்று பிடித்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்தது.

"மாஸ்டர், இது வெண்கட்டி பிடிச்ச கை. விடுங்கோ."

"பொறு. அங்கால அந்தக் கயிறு பாரமாக் கிடக்குது போல. ஏன் ஒருத்தரும் போய்ப் பிடிக்கேல்லை?"

நடராசா சிரித்தான். "போனால் இந்தப் பக்கம் தொய்ஞ்சு மீன் எல்லாம் வெளியால போயிடும். ரெண்டு பகுதியும் விலகித்தான் நிக்கவேணும். மீன் சேருற மடி கரைக்கு வந்தாப்பிறகுதான் எல்லாரும் ஒண்டாப் பாயிறது."

மீன் நிறைந்த மடி அலைக்குள் தெரிந்ததும், சொன்னபடியே எல்லோரும் பாய்ந்து தூக்கினார்கள். மாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நடராசாவின் தோளைப் பிடித்தார்.

"அப்ப பந்து நடுவில கிடக்கேக்கையே ஏனடா மடி வந்தமாதிரிப் பாயிறியள்?"

நடராசா மடியின் ஒரு முனையைப் பிடித்தபடி மற்ற ஆட்டக்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

வவுனியா மைதானத்தில் அடுத்த ஆட்டம். "மடி வரேல்லை, நில்லுங்கோடா" என்று நடராசா கத்த, எதிரணிக்காரர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெடியள் விலகி நின்றார்கள். என்றாலும் இடைவேளைக்கு முன்னமே ஒரு கோல் விழுந்தது. எல்லாத் தலையும் மனேச்சரின் பக்கம் திரும்பியது.

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு கோலுக்கும் அவர் எழும்பி நின்று கத்தியிருக்கிறார். கத்தக் கத்த அணி உடைந்ததையும் கண்டிருக்கிறார். இன்றைக்கு எழும்பவில்லை. தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், கோல் போட்டிட்டாங்கள்" என்றார் பக்கத்திலிருந்த சம்மாட்டியார்.

"கண்டனான். இந்தாங்கோ, ஒரு சுளை."

சம்மாட்டியார் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சுளையை வாங்கினார். மைதானத்தில் பெடியள் பந்தை நடுவில் வைத்து ஆடத் தொடங்கினார்கள்.

முடியப்போகிற நேரத்தில் பந்து எதிரணியின் கோல் வாசலுக்கு வந்தது. "மடி வந்திட்டுது" என்று குரல் எழும்ப, எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். யாருடைய காலோ தட்ட, நடராசா உள்ளே அடித்தான். ஒன்றுக்கு ஒன்று.

மறுநாள் அதே அறை. சாய்மனைக் கதிரை சும்மா கிடந்தது. சம்மாட்டியார் வாங்கில் மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தார்.

"தோத்தால் எழுதச் சொல்லியிருக்கு" என்றார் கனகலிங்கம். "சமநிலைக்கு என்ன செய்யிறதெண்டு தீர்மானம் இல்லை."

"லீக் அனுபவம் உதவினதோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ முதல்ல" என்றார் பாறூக்.

"உதவினது. நாங்கள் தேடின அனுபவம் இல்லை, அவ்வளவுதான். வெண்டு பழகினவனெண்டால் நேற்றுக் கோல் விழேக்க குதியாக் குதிச்சிருப்பான். இந்த மனிசன் எனக்குத் தோடம்பழம் தந்தவர்" என்றார் சம்மாட்டியார்.

"கயிறும் பிடிச்சவர்" என்றான் நடராசா. "கையைப் பாருங்கோ."

மாஸ்டர் கையை மறைத்துக்கொண்டார். "அங்க எனக்கு ஒருத்தரும் இன்னொரு ஆட்டம் தரேல்லை. நீங்கள் தந்தனீங்கள். அதுக்கு நான்தான் உங்களுக்குக் கடமைப்பட்டவன்."

சம்மாட்டியார் கனகலிங்கத்தைப் பார்த்து, எழுதும் என்பதுபோல் தலையாட்டினார். கனகலிங்கம் பேனாவை மையில் தொட்டார். எழுதி முடித்ததும் எழும்பி நின்று வாசித்தார்: "கழகம் தங்களுக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவிக்கின்றது. வருகிற பருவத்துக்கும் தாங்களே மனேச்சராக இருக்கவேண்டுமென்று எல்லோரும் கேட்டுக்கொள்கிறோம்."

மாஸ்டர் கையை நீட்டினார். கனகலிங்கம் கொடுக்கவில்லை, மடித்து உறைக்குள் வைத்தார்.

"ஆள் முன்னாலதானே இருக்கிறார். குடுத்துவிடுமன்" என்றார் பாறூக்.

"கழகக் கடிதம் தபாலில்தான் போறது. ஒழுங்கெண்டால் ஒழுங்கு."

உறையை மூடி, முத்திரை ஒட்டி, 'தவராசா அவர்கள், தண்ணீரூற்று' என்று எழுதி, கனகலிங்கம் பஸ் நிலையத்துத் தபால் பெட்டிக்கு நடந்தார். பெட்டியைத் திறந்து தபாலை எடுத்துக்கொண்டிருந்த தபால்காரர் அதையும் பையில் போட்டுக் கட்டி, நின்ற பஸ்ஸில் ஏற்றினார். தண்ணீரூற்றுக்குப் போக அந்தப் பஸ்ஸுக்குத்தான் தவராசா மாஸ்டரும் வந்திருந்தார். சாரதிக்குப் பின்னால் பை கிடந்த இடத்துக்கு அருகே போய் இருந்துகொண்டார்.