முதலிடத்தில் ஒரு தட்டல்

"அந்தத் தட்டலை இன்னும் கொஞ்சம் ஏத்துய்யா. விழா மண்டபத்துல பின்வரிசையில தூங்குறவன் காதுலயும் விழணும்."

"இதுக்கு மேல ஏத்தினா பாட்டு போய்த் தட்டல்தான் மிஞ்சும்" என்றார் ஒலிப்பதிவாளர்.

"மிஞ்சட்டுமே! ஜனம் அதுக்குத்தானே உயிரை விடுது?" பாடகன் சிரித்தான். விருது விழாவுக்குப் போட வேண்டிய கோட்டை நாற்காலி முதுகில் மாட்டியிருந்தான். "எங்க இடி, சாகும்போதும் தாளம் தப்பல. அதை மேடையில சொல்லப் போறேன். கை தட்டியே மண்டபத்தைப் பேர்த்துடுவாங்க, பாரு."

ஒலிப்பதிவாளர் திரையைப் பார்த்தபடி தட்டலின் அளவை இன்னும் சற்று ஏற்றினார்.

இடி என்பது டிரம்மரின் பட்டப்பெயர். இந்தப் பாட்டைப் பதிவு செய்த மதியம்தான் அவன் மாரடைப்பில் போனான். டிரம்ஸுக்குத் தனி அறை; எதிரொலியைத் தடுக்கக் கண்ணாடியில் கனத்த போர்வை தொங்கும். பாடகன் கையை உயர்த்தும்வரை ஒரு டேக் பதிவாகும்போது நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது, வாய் திறக்கக் கூடாது என்பது குழுவின் சட்டம். அன்று பெரிய சத்தத்தோடு டிரம்ஸ் ஓய்ந்தது. கிதார் மட்டும் இழைய, அதன் அடியில் ஒரு தட்டல். மூன்று, கொஞ்சம் இடைவெளி, ஒன்று. பயல் புதிதாக ஏதோ செய்கிறான் என்று எல்லோரும் சொக்கிப்போய் வாசித்தார்கள். கதவைத் திறந்தபோது அவன் தரையில் கிடந்தான். குச்சி மட்டும் கையை விடவில்லை.

பிறகு தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு மைக்கின் பதிவையும் தனித்தனியே கேட்டபோதுதான் ஒலிப்பதிவாளருக்குப் புரிந்தது. தட்டல் டிரம்மில் விழவில்லை, தரையில் விழுந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவே இழுத்து இழுத்து மூச்சு. அவர் மூச்சைத் துடைத்துவிட்டுத் தட்டலை வைத்துக்கொண்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பாட்டு வெளியான வாரம் பட்டியலின் அடியில் எங்கோ கிடந்தது. பிறகு ஏணி வைத்தாற்போல் ஏறி, முதலிடத்தில் உட்கார்ந்து இறங்க மறுத்தது. பேருந்துக் கம்பியில், வகுப்பு மேசையில், சலூன் நாற்காலிக் கையில் எங்கும் அதே தட்டல். ஒருநாள் லிஃப்டில் யாரோ சுவரில் தட்ட, ஒலிப்பதிவாளர் வேறு ஏதோ மாடியில் இறங்கிவிட்டார்.

கதவு திறந்தது. இடியின் மனைவி.

"வாங்க அண்ணி! விருதை நீங்கதான் கையில வாங்கணும். வண்டி வந்தாச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று பாடகன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவள் உட்காரவில்லை.

"இத்தனை நாள் பாட்டைக் கேக்கவே இல்லண்ணா. வீட்டை விட்டுப் போனாத்தானே காதுல விழும்? மேடையில அழுது வைக்கக் கூடாதேன்னு இன்னிக்குத்தான் போட்டுப் பாத்தேன். குழந்தை உள்ளயிருந்து ஓடி வந்து, 'அம்மா, அப்பா கூப்பிடுறாரு'ன்னுச்சு."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"குழந்தை தூங்கும்போது சத்தம் போடாம என்னைக் கூப்பிடணும்னா சுவத்துல இப்படித்தான் தட்டுவாரு. தூங்குற மாதிரி கிடந்து கேட்டிருக்கு, கள்ளி." சிரிக்கப் பார்த்தாள். "கடைசி அடி வரைக்கும் வாசிச்சுட்டுத்தான் விழுந்தாருன்னு ஆஸ்பத்திரியில நீங்கதானே சொன்னீங்க?"

வெளியே வண்டியின் ஹாரன் ஒலித்தது. அவள் உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினாள்.

"மத்த வாத்தியம் எதுவும் வேண்டாம். அவரு ரூம் மைக்குல விழுந்தது மட்டும், எதையும் துடைக்காம, ஒரு தடவை போடுங்கண்ணா."