படிவத்தில் காணாமல் போன வேன்

அந்த மாவட்டத்தில் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதியது எழுதியபடி நடக்கும். அதனால் படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. பிறமொழிச் சொல்லும் கூடாது.

தொழிற்பயிற்சி நிலையங்களை மதிப்பிடும் உலகநாதன், போன வருடம் ஒரு நிலையத்தைப் பற்றி 'இங்கே ஒன்றுமே இல்லை' என்று அலுப்பில் எழுதிவிட்டார். இப்போது அந்த இடத்தில் எள் விதைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நடந்துகொண்டே இருப்பார்.

வேலாங்குளம் மெக்கானிக் பயிற்சி நிலையத்துக்கு அவர் போனபோது மணி மூன்று. கொட்டகையில் ஒரு வெள்ளை வேன் திக்கித் திக்கி உறுமிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பதினெட்டு மாணவர்கள். நான்கு மணிக்குள் அதைச் சரிசெய்தால் நிலையம் தொடரும். இல்லாவிட்டால் மூடப்படும்.

"வண்டிக்கு என்ன கோளாறு?"

"மிஸ்ஸிங் சார்," என்றார் பயிற்றுநர் செண்பகவல்லி.

என்ஜினின் துடிப்பு விட்டுவிட்டு வந்தால் மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள். உலகநாதன் அதைத் தமிழாக்கி, 'வண்டியைக் காணவில்லை' என்று எழுதினார்.

முற்றுப்புள்ளி வைத்ததும் வேன் இல்லை. தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. சத்தமும் இருந்தது: மூன்று துடிப்பு, ஓர் இடைவெளி.

"தமிழ்ல எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேம்மா."

"போன தடவை வந்தவர் டீசல் குழாய்ல இருந்த ஏர் லாக்கைக் 'காற்றுப் பூட்டு'ன்னு எழுதிட்டார். சாயங்காலம் வரைக்கும் ஜன்னல்ல காத்தே வரலை. ரெஜினா, பானெட்டைத் தூக்கு."

மாணவி ரெஜினா ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ தூக்கிக் கம்பியால் முட்டுக்கொடுத்தாள். உள்ளே கைவிட்டதும் வெடுக்கென்று உதறினாள்.

"சுடுது மேடம்!"

"வண்டிதானே காணோம்? சூடு எங்க போகும்? என்ஜினை நிறுத்திட்டுக் கைய வை."

என்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளைத் தடவித் தடவிக் கழற்றினார்கள். வெளியே வந்த பிளக் கண்ணுக்குத் தெரிந்தது. உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டினால் மறைந்தது. உலகநாதன் பொறுக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். முழங்காலில் எதுவோ இடித்தது.

"அது பம்பர் சார். தள்ளி நடங்க."

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது என்ஜினை மறுபடி முடுக்கினார்கள். சத்தம் சீரானது. 'வண்டி ஓடுகிறது' என்று எழுதப் போனவர், திறந்திருந்த கேட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவை நிறுத்தினார். பிறகு, 'வண்டி நின்ற இடத்திலேயே நன்றாக இயங்குகிறது. நிலையம் தொடரும்' என்று எழுதினார்.

வேன் நின்ற இடத்திலேயே மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. மாணவர்கள் கை தட்டினார்கள். ரெஜினா என்ஜினை அணைத்தாள்.

அதன் பிறகும் கொட்டகையில் எதுவோ திக்கியது. செண்பகவல்லி காதைச் சாய்த்தபடி உலகநாதனின் நெஞ்சருகே வந்தார்.

"சார், உங்களுக்கும் மிஸ்ஸிங் இருக்கு."

உலகநாதன் அதை யாரும் தமிழில் எழுதிவிடாதபடி படிவத்தையும் பேனாவையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்தார். ரெஜினா பிளக் ஸ்பேனரைத் துடைத்து எடுத்துவந்தாள்.