கப்போர்டுக் கதவின் கீழ் மூலை

அந்த வீட்டில் கிறிஸ்துராஜ் கடைசியாகச் செய்த வேலை, சர்க்கரை டப்பாவை உள்ளே வைத்துச் சமையலறைக் கப்போர்டை மூடியதுதான். மேல் கீல் தளர்ந்து தொங்கும் கதவு அது. கைப்பிடியை அவர் தொடவே மாட்டார். கீழ் மூலையில் விரல்களைக் கொடுத்து லேசாகத் தூக்கினால் 'டக்'கென்று உட்காரும். அன்றும் உட்கார்ந்தது. "வஞ்சிரம் கெடைச்சா வஞ்சிரம், இல்லன்னா சங்கரா" என்று சொல்லிவிட்டுக் கரையான்சாவடிக்கு மீன் வாங்கப் போனார். மீன் கடை வாசலில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

அந்த மூலையில் மட்டும் பெயிண்ட் போய், எண்ணெய்ப் பிசுக்கேறி, மரம் கறுத்துப் பளபளத்தது. ஞானகுமாரிக்கு ஹாலில் மாட்டிய போட்டோவைவிட அந்தக் கறைதான் புருஷனைப் போல இருந்தது. போட்டோவில் அவர் கோட்டு போட்டிருந்தார். ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்ட கோட்டு.

ஈஸ்டர் நெருங்கியபோது மருமகள் எவாஞ்சலினுக்குப் போனில் ஏதோ வீடியோ பார்த்து ஞானம் பிறந்தது. உப்புத்தாளும் பெயிண்ட் டப்பாக்களும் வந்து இறங்கின.

"சர்க்கரை டப்பா வெக்கிற கதவ மட்டும் உட்டுடும்மா. உங்க மாமா கை பட்டது."

"ஒண்ணு மட்டும் பழசா இருந்தா நல்லாவா இருக்கும், அத்தை?"

"மீதியெல்லாம் இன்னா ஆக்கப் போற?"

"பழசு மாதிரி."

இதற்கு மேல் பேசக் கர்த்தரே இறங்கி வந்தால்தான் உண்டு. ஞானகுமாரி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் அந்தக் கதவும் சுரண்டப்பட்டு, பிறந்த குழந்தை போல வெளுத்து நின்றது.

வேலை தொடர்ந்தது. அடியில் காப்பிக்கலர், அதன் மேல் பசை, பசை காய்வதற்குள் வெள்ளை. வெள்ளை காயக் காய, கோடையில் வற்றிய செம்பரம்பாக்கம் ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்தது. எவாஞ்சலின் கை தட்டினாள். பிறகு மறுபடியும் உப்புத்தாளை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றித் தேய்த்தாள்.

"அது இன்னாத்துக்கு?"

"கை பட்டுப் பட்டுத் தேஞ்ச மாதிரி தெரியணும், அத்தை."

"யார் கை?"

எவாஞ்சலின் யோசித்தாள். "சும்மா... யாரோ ஒருத்தர் கை."

மறுநாள் மாலையில் கீழ் வீட்டு வனஜா வந்து பார்த்து வாயில் கை வைத்தாள். "இன்னாக்கா, நேத்து அடிச்ச பெயிண்டு அதுக்குள்ள வெடிச்சிகினு கீது? கடைக்காரன் மோசம் பண்ணிட்டானா?"

"இல்ல வனஜா. ஊட்ல எல்லாரும் ஒழைச்சி வெடிக்க வெச்சிகீறோம்."

எவாஞ்சலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வனஜாவுக்குக் காப்பி போடச் சர்க்கரையை எடுத்துவிட்டு, தேய்ந்த மாதிரி தேய்த்த அந்த இடத்தில் கை வைத்துக் கதவைத் தள்ளினாள். நிற்கவில்லை. இன்னொரு முறை அறைந்தாள். கதவு ஆடிக்கொண்டு திறந்து வந்தது.

"அத்தை, இது மூட மாட்டேங்குது."

ஞானகுமாரி எழுந்து வந்தாள். கீழ் மூலையில் விரல்களைக் கொடுத்து லேசாகத் தூக்கினாள்.

டக்.

மேல் கீல் இன்னும் தளர்ந்தே இருந்தது.