முப்பத்திரண்டு எண்கள்

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பல் தேய்த்தான். தண்ணீர் சூடாகும்வரை அடுப்பின் முன்னால் நின்றான்; வேறு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. குளித்தான். முந்தின நாள் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அதையே போட்டுக்கொண்டான். இரண்டு ரொட்டித் துண்டுகளை நின்றபடியே தின்றான். கதவைப் பூட்டினான். லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர்கள் இருவர் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவன் ஏறியதும் வாயை மூடிக்கொண்டார்கள். பாவம், அவர்களுக்கும் சிரமம்தான். மனைவி செத்துப் பதினோரு வாரம் ஆனவன் முன்னால் எவ்வளவு சிரிக்கலாம் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அலுவலகத்தில் அவன் உட்காரும் நாற்காலி முன்பு அவளுடையது. இருவரும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். கிளையின் கணினி வலையமைப்பு முழுக்க அவள் கையில் இருந்தது. அவன் அவளுக்கு இரண்டு வருஷம் இளையவன், வயதில் அல்ல, வேலையில். பதினான்கு மாதத்துக்கு முன் அவள் வேறு நிறுவனத்துக்குப் போனாள். அவள் எழுந்த இடத்தில் அவனை உட்காரவைத்தார்கள். அன்றைக்கே கிண்டல் ஆரம்பித்துவிட்டது. எந்தப் பழுது வந்தாலும், "சார், அவசரமில்ல, வீட்டுல கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்லுங்க" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் வீட்டில் கேட்பதில்லை என்று அன்றே மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டான். தலைகீழாக நின்றாவது தானே கண்டுபிடிப்பான். இரவு இரண்டு மணிவரை முட்டி மோதிக் கண்டுபிடித்த விஷயத்தை அவளிடம் கேட்டிருந்தால், துணி மடித்துக்கொண்டே அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

வலையில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண் வேண்டும். தலைமை அலுவலகம் இந்தக் கிளைக்குக் கொடுத்தது இருநூற்றைம்பத்தாறு எண்கள். அதற்குமேல் ஒன்று வேண்டுமென்றாலும் விண்ணப்பம் போட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இருப்பதைப் பிரிவுவாரியாக வெட்டிக் கொடுக்க வேண்டியதுதான். வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பாதி, பாதியில் பாதி, அதில் பாதி. பெரிய துண்டை முதலில் வெட்ட வேண்டும். சின்னதை முதலில் எடுத்து நடுவில் வைத்துவிட்டால், பிறகு பெரியதை எங்கே வைத்தாலும் இடிக்கும். ஒவ்வொரு துண்டிலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் யாருக்கும் கிடையாது. முதலாவது, துண்டின் பெயர். கடைசி, துண்டில் உள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதற்கு. அவள் கச்சிதமாக வெட்டியிருந்தாள். தொலைபேசிப் பிரிவுக்கு நூற்றிருபத்தெட்டு. கிடங்குக்கு அறுபத்துநான்கு. நிர்வாகத்துக்கு முப்பத்திரண்டு. மிச்சம் இருந்த முப்பத்திரண்டின் எதிரே, குறிப்புப் பத்தியில், இரண்டு சொல்: 'என்னைக் கேட்கவும்.'

வேறெதுவும் இல்லை. எதற்கு, யாருக்கு, எப்போதுவரை, எதுவும் இல்லை.

மேலாளர் பத்து மணிக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். கடந்த பதினோரு வாரமாக அவன் மேஜைக்கு வரும்போதெல்லாம் மருத்துவமனை வாசலில் நுழைகிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"தம்பி, திங்கக்கிழமை புதுப் பிரிவுக்கு இருபத்தெட்டுப் பேர் வர்றாங்க. எண் ரெடியா?"

"இன்னும் இல்ல சார்."

"நானும் கூட்டிப் பார்த்தேன். போன் பிரிவுல பதினாறு, கிடங்குல பன்னெண்டு, நிர்வாகத்துல அஞ்சு. முப்பத்துமூணு காலியாதானே கெடக்கு?"

"காலியா இருக்கு சார். சேர்ந்தாப்ல இல்ல."

"பஸ்ஸுல முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர்னு உக்காந்து போறதில்லையா?"

"இது அப்படி இல்ல சார். இவங்க எல்லாரும் ஒரே பெஞ்சுல உக்காரணும்."

"அப்போ அந்தக் கடைசி பெஞ்சு? அது சும்மாதானே இருக்கு?"

அவன் திரையை அவர் பக்கம் திருப்பினான். மேலாளர் குனிந்து திரையைப் பார்த்தார். குறிப்பைப் படித்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள முடிச்சிடுங்க தம்பி. வேற வழியில்ல."

வேற வழியில்லைதான். அது அவனுக்கும் ஒரு வாரமாகத் தெரியும். ஒரு வாரமாக அந்த முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பதில் தரவில்லை. பதில் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. வருஷத்துக்கு ஒரு தடவை விழிக்கிற எந்திரம் இருக்கலாம். மின்சாரம் போனால் மட்டும் பேசுகிற ஏதோ ஒன்று, தீ பிடித்தால் கூவுகிற ஏதோ ஒன்று. அவள் காரணமில்லாமல் ஒரு எண்ணைக்கூட ஒதுக்கிவைக்கிறவள் அல்ல. எடுத்தால் எது அறுந்து விழும் என்று தெரியாமல் எடுக்க வேண்டும். அறுந்து விழுந்தால் தேவலை என்றும் அவனுக்குள் ஒரு பக்கம் நினைத்தது. எங்கிருந்தாவது ஒருவன் ஓடிவந்து, என்னய்யா பண்ணினே என்று கத்துவான். எதற்காக வைத்திருந்தாள் என்று அப்போதாவது தெரியும்.

மத்தியானம் கேபிள்காரர் ஏணியோடு வந்தார். அந்தக் கட்டடத்தின் கூரைக்கு மேலே ஓடும் கம்பிகளில் பாதி அவர் கையால் இழுத்தவை. அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த உறவில் இவன் அவருக்கு மாப்பிள்ளை.

"என்ன மாப்ள, மூஞ்சியில ஈயாடல?"

அவன் திரையைக் காட்டினான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்.

"இது என்னான்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"எனக்கு எப்படித் தெரியும்? நமக்குக் கம்பிதான். எண்ணெல்லாம் அந்தப் பிள்ளைதான். ஏன், நீ கேட்டதில்லையா?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"இல்ல."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு... ராத்திரி சோறு போடும்போது கேட்டிருந்தாகூட ஆச்சேய்யா."

"கேட்டா சிரிப்பா."

"சிரிச்சா என்ன? பல்லா கொட்டிடும்? நல்ல வீம்பு புடிச்ச ஆளய்யா நீ." சொன்னவர் சட்டென்று நிறுத்திவிட்டு அவன் தோளைத் தட்டினார். "சரி விடு. எப்ப எழுதினாளாம் இத?"

கோப்பில் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட நாள் பதிந்திருக்கும். அவன் அதை முன்பே பார்த்திருந்தான். யாரிடமும் சொன்னதில்லை.

"இங்க அவளோட கடைசி நாள்ல. சாயங்காலம் அஞ்சே கால்."

கேபிள்காரர் திரும்பவும் திரையைப் பார்த்தார். ஏணியின் காலால் தரையில் தட்டினார்.

"அப்போ அடுத்து இந்த நாற்காலியில யாருன்னு அவளுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்போ இதுல ஒண்ணுமே இருக்காது மாப்ள. சும்மா போட்டு வச்சிருக்கா. நீ ஒரு நாளாவது போய்க் கேப்பேன்னு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எந்திரம் எதுவும் அறுந்துபோகாது, பயப்படாதே என்பது அவர் கருத்து. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவன் அந்த இரண்டு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு மாதம். அதில் பதினோரு மாதத்துக்குமேல் அவள் உயிரோடு இருந்தாள், இரண்டு முழம் தள்ளிப் படுத்திருந்தாள். சில நாள் சாப்பிடும்போது, "ஆபீஸ்ல எல்லாம் சரியா இருக்கா?" என்பாள். இருக்கு என்பான். "ஒண்ணும் சந்தேகம் இல்லையா?" என்பாள். எனக்கென்ன சந்தேகம் என்பான். அவள் சரி என்று குனிந்துகொள்வாள். அந்த உதட்டோரச் சிரிப்பு ஏளனம் என்று அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

மூன்று ஐம்பதுக்கு அந்த வரியை நீக்கினான். உறுதிதானா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினான். அந்த இடத்தில் புதிய பிரிவின் பெயரை எழுதினான். இரண்டாம் மாடியில் வரிசையாக வைத்திருந்த இருபத்தெட்டுக் கணினிகளையும் ஒவ்வொன்றாக எழுப்பினான். எல்லாம் எண் வாங்கிக்கொண்டன.

பிறகு தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நாலரை. ஐந்து. கிடங்கில் விளக்குகள் எரிந்தன, கேமராக்கள் ஓடின. தொலைபேசிப் பிரிவில் நூற்றுச் சொச்சம் பேர் யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஓடிவரவில்லை. யாரும் கத்தவில்லை. ஐந்தரைக்கு மேலாளர் பையோடு கிளம்பி வந்தார்.

"பாத்தீங்களா தம்பி? ஒண்ணுமே ஆகல."

"ஆமா சார்."

"நல்லது. வீட்டுக்குப் போங்க."

அவன் போகவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு முறை, பதினோரு வாரத்துக்கு முன், கேட்கத்தான் போனான். அதை அவன் கேபிள்காரரிடம் சொல்லவில்லை. வயிற்றில் சின்ன அறுவை, முக்கால் மணி நேரம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார்கள். பச்சைத் துணி போர்த்தித் தள்ளுவண்டியில் அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது கூடவே நடந்தான். பயந்த குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்கவைக்க என்ன செய்யலாம் என்று யோசித்தான். சட்டென்று அந்த முப்பத்திரண்டு ஞாபகம் வந்தது. தோற்றேன், சொல்லித் தொலை என்று கேட்டால் சிரித்துவிடுவாள். பதினோரு மாத வீம்பை அந்த நடையில் விட்டுவிட அவனுக்குச் சம்மதமாக இருந்தது. கதவு நெருங்கியது. "ஏய், ஒண்ணு கேக்கணும்" என்றான். சக்கரச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கும் ஏதோ நினைவு வந்தது போலத் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள்.

"கட்டிலுக்கு அடியில என் செருப்பு கெடக்கு. பையில எடுத்துப் போட்டுடு. இல்லன்னா எவளாவது மாட்டிட்டுப் போயிடுவா."