முதலில் நுழைந்தவள்

ஹிஷாமை அரட்டை அறையை விட்டு வெளியே தள்ளியபோது அவன் என் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. திரையில் அவன் பெயர் கறுப்பு ஓநாய். "பொண்ணுங்க இருக்கீங்களா?" என்று ஒரே வரியைத் திரை நிறையக் கொட்டிக்கொண்டிருந்தான். தள்ளினால் வெள்ளை ஓநாயாகத் திரும்பி வந்தான். போதும் என்று, பெயரை விட்டுவிட்டு அவன் வரும் இணைய முகவரிக்கே தடை போட்டேன். உடனே நான் உட்கார்ந்திருந்த இணையக் கடைக்குள்ளேயே ஒரு அலறல்.

"எவன்டா அவன் பெட்டோன்? என்னையே தடை பண்ணிட்டான்!"

பெட்டோன் நான்தான். கான்கிரீட் என்று அர்த்தம். குவெல்மாவில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கல்குவாரியில் கல் உடைக்கிறார். நான் நீரியல் பொறியாளர். குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் இந்த ஊரில் நீரியல் படித்தவளுக்கு வேலை இல்லையாம். என்ன கணக்கோ! அரட்டைக்குள் முதலில் வசீலா என்ற என் சொந்தப் பெயரில்தான் போனேன். நாட்டுக்கே பொதுவான பெரிய அறையில் கால் வைத்ததும் எறும்பு மாதிரி தனிச்செய்தி ஜன்னல்கள் திரையில் மொய்த்தன. வயசு என்ன, எந்த ஊர், போட்டோ இருக்கா. பெட்டோன் என்று மாற்றிக்கொண்டு போனேன். அணைக்கட்டுக் கசிவைப் பற்றி நான் கேட்டதற்கு, "நல்ல கேள்விண்ணே" என்று ஒருத்தன் மரியாதையாகப் பதில் சொன்னான். அந்த மரியாதை மொய்த்த ஜன்னல்களைவிட அதிகமாக எரிச்சல் மூட்டியது. அதனால்தான் தனியாக ஓர் அறை திறந்தேன். அதன் பெயர் முஹந்திசா. பெண் பொறியாளர் என்று அர்த்தம்.

இந்த அறைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. காலி அறைக்குள் முதலில் நுழைகிறவரின் பெயருக்கு முன்னால் ஒரு @ வந்து உட்காரும். அது இருப்பவர் யாரையும் வெளியே தள்ளலாம், யாருக்கும் கதவை அடைக்கலாம். வெளியே போனால் அது போய்விடும். எல்லோரும் போய்விட்டால் அறையே மறைந்துவிடும், போட்ட தடைகளோடு சேர்த்து. அடுத்து யார் முதலில் நுழைகிறாரோ அவருக்கு @.

அன்று எங்கள் முதல் கூட்டம். தண்ணீர்த்துறையில் வேலை கிடைத்த ஒரே ஒருத்தி, த்லெம்சென் ஊர் கானியா, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று சொல்ல வந்திருந்தாள். அன்னாபாவிலிருந்து இரண்டு பேர். தெற்கே அத்ராரிலிருந்து தொர்கியா. அவள் அரட்டைக்கு வந்தே இரண்டு நாள்தான், ஒற்றை விரலில் தட்டுவாள். கானியா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் கடையில் கரண்ட் போனது.

கரண்ட் திரும்பி வந்ததும் அறைப் பெயரைத் தட்டினேன். 'நுழைய முடியாது, உங்களுக்குத் தடை' என்றது. எனக்கா?

பின்னாலிருந்து சிரிப்பு. ஹிஷாம் என் திரையைப் பார்த்துவிட்டான்.

"நீதானாக்கா அந்த பெட்டோன்? இந்தக் கடையில இருக்கிற மெஷின் எல்லாத்துக்கும் ஒரே முகவரி. எனக்குப் பூட்டுன பூட்டுல நீயும் வெளிய மாட்டிக்கிட்ட!"

"வாய மூடு."

"மூடிட்டேன். ஆனா உள்ள இப்ப @ யார்கிட்டயும் இல்ல. அவங்க எல்லாரும் வெளிய வந்தாதான் பூட்டு உடையும். உடைஞ்ச உடனே யாரு முதல்ல உள்ள போறாங்கன்னு பாக்கலாம்." என்டர் சாவியின் மேல் விரலை வைத்துத் தட்டத் தொடங்கினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

கடைக்காரர் அப்துல்ஹக் மஹ்ஜூபா ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "விடும்மா. வேற பேர்ல ஒரு அறை தொறந்துக்க."

"தெருமுனையில பசங்க நின்னா நீ வேற தெருவால போன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்றாங்கண்ணே. இங்கயும் நான்தான் தெரு மாத்தணுமா?"



அறைக்குள் போக முடியாவிட்டாலும் ஒருவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பலாம். கானியாவுக்கு எழுதினேன்: எல்லோரும் வெளியேறுங்கள், நீங்கள் கடைசியாக வெளியே வந்து உடனே திரும்பி நுழையுங்கள். சரி என்றாள். அன்னாபாக்காரிகள் வெளியேறினார்கள். கானியாவைக் காணோம். அவள் வீட்டுத் தொலைபேசியில்தான் இணையம். மாமியார் யாருக்கோ போன் செய்ய எடுத்திருப்பார், இணைப்பு அறுந்திருக்கும்.

உள்ளே மிச்சம் தொர்கியா மட்டும்.

'எல்லாரும் எங்க போனீங்க?' என்று எனக்குத் தனியாகக் கேட்டாள். வெளியேறும் வரி, நுழையும் வரி, இரண்டையும் எழுதி அனுப்பினேன். ஒன்றை அடித்த கையோடு மற்றது, நடுவில் நிற்காதே என்றேன்.

'இரு, அடுப்புல டீ பொங்குது' என்றாள்.

பின்னால் என்டர் சாவி டக் டக் என்றது. இவள் ஒற்றை விரல், அவன் நிற்காத விரல். யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்லப் பொறியாளர் தேவையில்லை. 'வந்துட்டேன், இதோ' என்று தொர்கியாவின் வரி வந்தது. நான் எழுந்தேன். அரட்டையில் எவ்வளவு பெரிய ஓநாயாக இருந்தாலும் அவன் உட்கார்ந்திருந்தது என்னிடமிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில். மேசைக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கி, கீபோர்டை அப்படியே தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டேன்.

"அக்கா! இது ஆட்டத்துலயே இல்ல! அத மாட்டுனா மெஷின மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்!"

"ஆரம்பி. எனக்கு எல்லாமே மொதல்லேர்ந்துதான்."

அப்துல்ஹக் எண்ணெய்க் கையோடு என் திரைக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். "அறை காலிம்மா... காலி... இன்னும் காலி... வந்துட்டா! யாரோ தொர்கியாவாம், தலையில அந்தச் சுழியோட வந்துட்டா!" கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

நான் என் இடத்துக்குப் போய் உள்ளே நுழைந்தேன். அன்னாபாக்காரிகளும் திரும்பி வந்திருந்தார்கள். என் பெயர் @ இல்லாமல் மொட்டையாக இருந்தது. தொர்கியா கேட்டாள்: 'என் பேருக்கு முன்னாடி ஏதோ பூச்சி ஒட்டிருக்கு. தட்டி விட்டுரவா?' வேண்டாம் வேண்டாம் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் அலறினோம். கானியாவும் திரும்பி வந்து சேர்ந்தாள்.

கீபோர்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஹிஷாம் மெஷினை மறுபடி கிளப்பி, முறைத்துக்கொண்டே கறுப்பு ஓநாயாக உள்ளே வந்தான். இப்போது தடை இல்லையே. அவனைத் தள்ளும் அதிகாரம் என்னிடம் இல்லை. தொர்கியாவுக்கோ தள்ளத் தெரியாது. அவளுடைய வரி மெதுவாக வந்தது.

'வாங்க ஓநாய் தம்பி. நீங்க என்ன படிச்சிருக்கீங்க? இங்க எல்லாரும் தண்ணியப் பத்திப் பேசுறோம். உங்க ஊர்ல தண்ணி வருதா?'

திரும்பிப் பார்த்தேன். அவன் இரண்டு கைகளும் கீபோர்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. ஒரு எழுத்தைத் தட்டினான், அழித்தான். மறுபடி தட்டினான்.